வருங்கால மாமியாரை உட்கார வைத்த கதை

மற்றவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்வதைப் போல எளிதான வேலை உலகத்தில் இல்லை. கழுத்தில் ஒரு விசில் தொங்கினால் போதும், வலியெல்லாம் அடுத்தவருக்குத்தான். எழுபதுகளில் எனக்கு அந்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

நாசரேத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த சூடு இன்னும் ஆறவில்லை. எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் அறுபதைத் தொட்டவர்களே அதிகம். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் அவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுக் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னேன். (அவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை.) எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சி இவர்களுக்கும் ஏற்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

முதல் வகுப்பில் ஒரு புதுமுகம். கண்ணாடி போட்ட, வாட்டசாட்டமான அம்மா. சாத்தான்குளத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததாகவும், சும்மா பார்க்க வந்ததாகவும் சொன்னார். உண்மையில் சாகுபுரத்தில் வேலை பார்த்த தன் மகனுக்காக என்னைப் பார்க்க வந்திருந்தார். என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் நான் பதறுவேன் என்று மறைத்துவிட்டார்கள்.

கைகளை நீட்டி மடக்கியதுவரை பிழையில்லை. அடுத்து உட்கார்ந்து எழும் பயிற்சி. விசில் ஊதினேன், உட்கார்ந்தார்கள். மறுபடி ஊதினேன், கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தார்கள். சாத்தான்குளத்து அம்மா மட்டும் எழவில்லை.

"கண்ணாடி போட்டவங்க, எந்திரின்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு?" என்று அதட்டினேன். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியையை!)

அவர் கோபப்படவில்லை. "எந்திரிக்கத்தான் பாக்கேன் டீச்சர். முட்டு கேக்க மாட்டேங்கு."

அடிபட்டவரைத் தூக்கும் முறையைக் கல்லூரியில் படித்திருந்தேன். பின்னால் போய், கக்கத்தில் கை கொடுக்க வேண்டும். பதற்றத்தில் விசிலை வாயில் கவ்விக்கொண்டு, முன்னால் போய் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். என் எடை அப்போது அவர் எடையில் பாதி. அவர் எழவில்லை, நான்தான் போய் அவர் மடியில் உட்கார்ந்தேன். வாயிலிருந்த விசில் நீளமாக ஊதிற்று. சங்கத்து அம்மாக்கள் சிரித்து முடித்த பிறகுதான் வகுப்பறையிலிருந்து பெஞ்சைக் கொண்டுவந்து அவரை அதில் ஏற்றினார்கள்.

நடந்ததை வீட்டில் சொன்னதும் அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர் யார் என்று அப்போதுதான் சொன்னாள். அந்த வாரம் முழுவதும் சாத்தான்குளத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. வரன் கைவிட்டுப் போயிற்று என்று அப்பா முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவே பஸ்ஸை விட்டு இறங்கி, நொண்டிக்கொண்டு, தைல வாசனையோடு மைதானத்துக்கு வந்தார். கீழே உட்காராமல் செய்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

விசிலைத் தொடவே எனக்குத் தைரியமில்லை. எல்லாரையும் பெஞ்சில் சாய வைத்து மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்; ஒருவர் குறட்டையே விட்டார். வேறு வழி தெரியாமல், பிள்ளைகள் வலைக்கு மேலே எறிந்து விளையாடுகிற ரப்பர் வளையத்தை எடுத்துவந்தேன். அவ்வளவுதான். டிரில்லில் கர்த்தரைக் கூப்பிட்டவர்கள், வளையம் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சண்டை போட்டார்கள். போதகரின் மனைவி கூசாமல் அழிச்சாட்டியம் செய்தார். சாத்தான்குளத்து அம்மா நின்ற இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் பிடித்தார். இருட்டும்வரை ஒருவரும் போகவில்லை.

கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உக்காந்து எந்திரிச்சதுல முட்டு போச்சு. மூச்சு விட்டதுல ஒறக்கம் வந்துது. இந்த வளையத்தை எறிஞ்சதுல பசிக்குதுளா எனக்கு. எங்க வீட்டுல அவுக போனபெறவு, பசின்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு."

பஸ் நிற்கிற இடத்துக் கடையில் பன் வாங்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று கேட்டார். வரனைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. சம்மதம் என்று மறுநாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

இப்போது என் முட்டும் அதே நிலைமைக்கு வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் முழங்கால் போட்டவள் எழ முடியாமல் தவித்தேன். மருமகள் தூக்குவதற்கு ஓடி வந்தாள். என் கணவர் நிதானமாக அவளைத் தடுத்தார்.

"வேண்டாம்மா. மருமக மாமியாரைத் தூக்குதது நம்ம குடும்பத்துக்கு ஆகி வராது."