சந்தேகமே இல்லாத வீடு

பதினொன்றுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பத்தேகாலுக்கு மீசைக்காரர் தன் கம்ப்யூட்டரை எழுப்பியதும் கீபோர்டு செத்துவிட்டது. மவுஸும் கூடவே போனது.

"மெஷினோட உயிரே இந்த லினக்ஸ் கெர்னல்தான், அதை ஒவ்வொரு ஆப்ஷனா பார்த்து நானே கம்பைல் பண்ணினேன்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டேன்டி. அவரு இதுல புலியாம். பார்க்கணும்னார்." மகளிடம் சொல்லும்போது மீசைக்காரரின் மீசை துடித்தது.

"கீபோர்டு, மவுஸ் தட்டுறதையெல்லாம் மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆப்ஷன் வேணுமான்னு கேட்டிருக்குமே, அதுக்கு என்னப்பா குடுத்தீங்க?" என்றாள் மகள்.

"இல்லைன்னு."

"ஏம்ப்பா?"

"'சந்தேகம் இருந்தால் ஆம் என்று சொல்லவும்'னு போட்டிருந்தான். நம்ம பரம்பரையில யாருக்குடி சந்தேகம் வந்திருக்கு?"

"பழைய கெர்னல்?"

"அழிச்சாச்சு. பின்வாங்குறவனுக்குத்தான் அது வேணும்."

மகள் தன் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக அப்பாவின் மெஷினுக்குள் நுழைந்து, கெர்னலை மறுபடி கம்பைல் பண்ண ஆரம்பித்தாள். அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"எல்லாத்துக்கும் ஆம் போடு."

"இந்த ஆப்ஷன் தட்டுற ஒவ்வொண்ணையும் திரையில எழுதிக் காட்டும்ப்பா. 'சந்தேகம் இருந்தால் இல்லை என்று சொல்லவும்'னு இருக்கு."

"அப்போ கண்டிப்பா ஆம்."

கம்பைல் முடிந்தது. மெஷின் எழுந்தது. கீபோர்டுக்கு உயிர் வந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் திரையில் நாலு வரி ஓடியது. மவுஸை அசைத்தாலோ வெள்ளம்தான். அழைப்பு மணி அடித்தது.

மாப்பிள்ளையும் அவர் தங்கையும் சோபாவில் உட்கார, சம்பந்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகத் திரைக்கு முன் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

"எல்லாம் தெரியணும்னு நான்தான் இப்படி..."

"இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்வது இந்த வீட்டில் வழக்கமில்லை. "செத்துக் கிடந்தது."

"எந்த ஆப்ஷனால?"

மீசைக்காரர் காட்டினார்.

"எப்படி எழுப்பினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் வியர்க்க வியர்க்கச் சொன்னார். சம்பந்தி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கதவோரம் நின்ற மீசைக்காரரின் மனைவி, "உங்க கெர்னலால என் பொண்ணு கல்யாணம் போச்சு" என்று முணுமுணுத்தாள்.

மீசைக்காரர் நிமிர்ந்தார். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா நேராவே சொல்லிடுங்க. இப்படிக் குறிப்பெடுத்து அவமானப்படுத்தாதீங்க."

சம்பந்தி முகம் சிவந்து நோட்டை மூடினார். மாப்பிள்ளையின் தங்கைதான் வாயைத் திறந்தாள்:

"எங்க மெஷின் கார் டிக்கியில இருக்கு மாமா, அதுலயும் பத்து நாளா கீபோர்டு செத்துக் கிடக்கு; வெளியாள்கிட்ட கேட்டா கௌரவம் போயிடும்னுதான் அப்பா முதல்ல சம்பந்தம் பேசிடலாம்னார்."