வேகம் 20

மனைவி கடைக்குள் நுழைந்து ஸ்கூட்டர் சாவியையும் ஒரு நோட்டீஸையும் மேஜைமேல் போட்டபோது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இருபதுலதான் போகணுமாம். நான் இருபத்தி நாலுல போனேனாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சாலை ஒழுங்கு வகுப்புல போய் உட்காரணுமாம். அதுவும் ஊருக்கு அந்தக் கோடியில."

"எங்க பிடிச்சாங்க?"

"நம்ம கடைத் திருப்பத்துலதான். எந்த வேலைவெட்டி இல்லாதவன் அங்க போர்டு வச்சான்னு தெரியல."

ஸ்க்ரூ கீழே விழுந்தது. அதைத் தேடும் சாக்கில் அவர் மேஜைக்கு அடியில் கொஞ்சம் அதிக நேரமே இருந்தார்.

போர்டு வைத்தவர் அவர்தான்.

அவரை எல்லோரும் 'பவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் "கண்ணு பவர் ஏறியிருக்கும் போல இருக்கே" என்று சொல்கிற பழக்கம். மற்றபடி அவரிடம் எந்தப் பவரும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். திருப்பத்தில் பாய்ந்து வந்த தண்ணீர் லாரி, அவர் கையிலிருந்த பையைத் தட்டிக்கொண்டு போயிற்று. பெரியவருக்கு லாரி தெளிவாகத் தெரிந்தது. லாரிக்குத்தான் பெரியவர் தெரியவில்லை.

திருப்பத்தில் வேகப் பலகை வேண்டும் என்று மூன்று மனு கொடுத்தார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நாலாவது மனு எழுதப் பேப்பரை எடுத்தவர், அதை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தார். கடையின் பழைய தகரப் பெயர்ப் பலகையைத் திருப்பிப் போட்டு, 'வேகம் 20' என்று சிவப்பில் எழுதி, திருப்பத்து மதிலில் நாலு நட்டு போட்டு மாட்டிவிட்டார்.

லாரிகள் அடங்கி ஒடுங்கிப் போயின. பவர் நிம்மதியாகத் தூங்கினார். அதற்கப்புறம் வேகம் அளக்கும் கருவியோடு ஒரு டிராபிக் போலீஸ்காரர் வந்தார். போர்டை ஒருமுறை படித்துவிட்டு அதன் அடியிலேயே நிற்க ஆரம்பித்தார்.

நோட்டீஸ் வந்த மறுநாள் பவர் சாலைத் துறை ஆபீஸுக்குப் போனார். பிரிவு அதிகாரி ஒரு அம்மாள். எதையும் இரண்டு தடவை படிக்கிறவர்.

"அந்தப் போர்டை எடுத்துடணும் மேடம்."

"எந்தத் தேதி உத்தரவு?"

"உத்தரவெல்லாம் இல்ல. நான்தான் எழுதினேன்."

"நீங்க எழுதியிருந்தா அது போர்டே இல்ல. இல்லாத போர்டை நாங்க எப்படி எடுக்கிறது?"

"அப்ப என் மனைவிக்கு வந்த நோட்டீஸ்?"

"அது போர்டு இருக்கிறதால வந்தது."

பவர் வீட்டை நினைத்துக்கொண்டார். "அந்த வகுப்பையாவது கொஞ்சம் பக்கத்துல வச்சா தேவலை."

அதிகாரி முகம் மலர்ந்தார். "இதைச் சொல்லுங்க. இதுக்கு விதி இருக்கு."

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்துவிட்டது. விதிமீறல் நடந்த இடத்துக்கு அருகில், நாற்காலிகளும் சுவரில் பெரிய எழுத்து அட்டையும் உள்ள கட்டடத்தில் வகுப்பை நடத்த வேண்டும். அந்தத் தெருவில் அப்படி ஒரு கட்டடம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பவரின் கடையில் பதினாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் கண் பரிசோதனை அட்டையைக் குச்சியால் தட்டித் தட்டிப் பாடம் நடத்தினார். முன்வரிசையில் மனைவி. அவளுக்குப் பக்கத்தில், முப்பத்தொன்றில் போய் மாட்டிய மச்சான்.

"போர்டு வச்சவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்றார் மச்சான்.

"முதல்ல என் கையில கிடைக்கட்டும்," என்றாள் மனைவி.

பவர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, ஸ்பேனரோடு ஏணியில் ஏறினார். நாலாவது நட்டும் கழன்று போர்டு கைக்கு வந்த நேரத்தில் கீழேயிருந்து குரல் கேட்டது.

"அது அரசாங்கச் சொத்து. இறங்குங்க."

"என் சொத்துங்க. பின்னால பாருங்க, என் கடைப் பேரே இருக்கு."

போலீஸ்காரர் தகரத்தை வாங்கித் திருப்பினார். பெரிதாக இரண்டு கண்களும், கடையின் பெயரும், போன் நம்பரும் இருந்தன. நிதானமாகப் படித்தார்.

"அரசாங்கப் போர்டுக்குப் பின்னாடி விளம்பரம் வேற பண்ணியிருக்கீங்க."

குற்றம் இரண்டாயிற்று. ஏணியின் கால் சாலையில் இருந்ததால் மூன்றாயிற்று.

சத்தம் கேட்டு வந்த மனைவி அந்தக் கண்களைப் பார்த்தாள். அவற்றுக்கு இமை வரைந்ததே அவள்தான். அவர் இறங்க ஏணியைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று பவருக்குத் தோன்றியது.

மூன்று குற்றத்துக்கும் விளக்கம் சொல்லப் போன சாலைத் துறை ஆபீஸுக்கு அவளும் கூடவே வந்தாள். அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்தப் பெரியவர் நூலிழையில தப்பிச்சதைப் பாத்த பிறகு சும்மா இருக்க முடியல. சொல்லலாம்னு நினைக்கிறதுக்குள்ள உன்னையே பிடிச்சிட்டாங்க."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "லாரியெல்லாம் இப்ப மெதுவாத்தான் போகுது. போர்டு இருக்கட்டும்."

"இருக்கட்டும்னு நாம சொன்னா ஆச்சா? யாரும் சொல்லாம நானா எடுத்துக்கிட்ட வேலை. உள்ள தள்ளிடுவாங்க."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஃபைல்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த பியூன் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பயப்படாதீங்க சார். உள்ள இருக்காங்களே மேடம், அவங்களும் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி மனு கொடுக்க வந்தவங்கதான். நாற்காலி காலியா கிடக்கேன்னு உட்கார்ந்தாங்க. அன்னையிலிருந்துதான் இங்க வேலையே நடக்குது."