பழகுபவர் பக்கத்துக் காது

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஒரு காதைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசியபோது, "என் தம்பி ஏன் என்கூடப் பேச வர மாட்டேங்கிறான், நீ ஏதாவது சொன்னியா?" என்று கேட்டீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை அக்கா. சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அப்போதே விளக்கியிருப்பேன். ஆனால் போன் இருப்பது டிரைவிங் ஸ்கூல் மேசையில், மேசைக்குப் பின்னால் இருப்பது உங்கள் தம்பி. பேச்சு காதில் விழாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்தே தன்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் கடிதம்.

உங்கள் தம்பிக்கு யோசனை வர வேண்டுமென்றால் காது குடைய வேண்டும். எந்தத் தெருவில் பழக்கலாம், எப்போது டயர் மாற்றலாம் என்று எல்லா முடிவுகளும் அங்கிருந்துதான் தோண்டி எடுக்கப்படுகின்றன. அதற்கென்று பஞ்சு சுற்றிய குச்சி வாங்கி வைத்தால் பிடிக்காது, கார் சாவிதான் வேண்டும். ஒருநாள் வண்டி கழுவும்போது ரப்பர் குழாய் கையைவிட்டுத் துள்ளி நேராகக் காதுக்குள் பீய்ச்சிவிட்டது. அந்த ஈரக் காதைச் சாவியால் ஆற அமரக் குடைந்திருக்கிறார். முதலில் அரிப்பு, பிறகு வலி, பிறகு தாடையை அசைக்க முடியாமல் தட்டிலிருக்கும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போதும், "ஒண்ணுமில்லை, தண்ணி உள்ள நிக்குது, தானா காஞ்சிடும்" என்கிறார், ஏதோ கொடியில் போட்ட சட்டையைச் சொல்வது போல. அதுவும் எந்தக் காது? வண்டியில் பழகுபவர் பக்கம் இருக்கிற காது. வாத்தியாருக்கு அந்தக் காதுதான் பிழைப்பு.

இழுத்துக்கொண்டு போனேன். கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா இவரிடமே வண்டி பழகியவர். கிளட்சை மிதிக்க மறந்தபோதெல்லாம் "உனக்குக் காது கேக்குதா இல்லையா" என்று இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தப் பெண் எதையும் மறந்ததாகத் தெரியவில்லை. "சார், இங்க வலிக்குதா?" என்று காது மடலைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தார். இவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, வெளிக்காது முழுக்கப் புண்ணாகி வீங்கிக் கிடக்கிறது, கிருமி சேர்ந்திருக்கிறது, நல்லவேளையாகச் செவிப்பறையில் ஓட்டை விழவில்லை என்று சொல்லி, உள்ளே சுத்தம் செய்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான், உங்கள் தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஸ்டீராய்டா? ஜிம்முக்குப் போற பசங்க ஊசி போட்டுக்குவாங்களே, அதுவா? காது பெருத்துடாது?"

"அது வேற சார். இதுல ஆன்டிபயாடிக் கிருமியைப் பாத்துக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும். ரெண்டும் ஒரே பாட்டில்ல இருக்கு."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதாதா?"

"உங்க வண்டியில எதுக்கு சார் ரெண்டு பிரேக்?"

இவர் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா விதிகளைச் சொன்னார். காலையில் நாலு சொட்டு, இரவில் நாலு சொட்டு, ஏழு நாள். வலி நின்றாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊற்ற வேண்டும், ஊற்றியபின் ஐந்து நிமிஷம் ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். சாவி கூடவே கூடாது.

உங்கள் தம்பி யார் சொல்லிக் கேட்டிருக்கிறார்? "மருந்தை எதுக்கு அடைகாக்கணும்" என்று முதல்முறை சில்லென்றே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அறை சுற்றுகிறது, கட்டில் ஓடுகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மெத்தையை ஓங்கி ஓங்கி மிதித்தார். பிரேக் தேடியிருக்கிறார், பாவம். அடுத்த தடவை ஒழுங்காகச் சூடாக்கி ஊற்றினோம். ஆனால் போன் அடித்ததும் எழுந்து ஓடிவிட்டார், மருந்து முழுக்க வழிந்து சட்டைக் காலருக்குப் போனது. காலருக்கு எந்த வியாதியும் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து நிமிஷமும் நான் கட்டிலோரம் காவல் உட்கார்ந்தேன், எழுந்ததும் மருந்து வழியாமல் காதைப் பஞ்சால் அடைத்துவிட்டேன்.

இதற்கிடையில் ஸ்கூல் கதை. காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், இவர் சாதாரணமாகவே எப்படிப் பேசுவார் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பாங்க்கில் வேலை பார்க்கிற ஒருவர் வண்டி ஓட்டியபடி, "சார், பின்னால லாரி" என்று சொல்லியிருக்கிறார். "சாரியெல்லாம் அப்புறம் சொல்லலாம், முதல்ல ரிவர்ஸ் எடு" என்று இவர் கத்தியிருக்கிறார். அவர் மறுபடி "லாரி சார்" என்க, இவர் மறுபடி "மன்னிச்சுட்டேன், எடு" என்க, லாரிக்காரர் இறங்கி வந்து இவர் ஜன்னலில் குனிந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கிறார். அது நல்ல காதுப் பக்கம். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. பாங்க்காரர் அன்றோடு நின்றார், அவர் சொல்லி இன்னும் சிலர் நின்றார்கள். மீதிப் பேரை நானே போனில் கூப்பிட்டு, காது சரியானதும் சொல்கிறோம் என்று நிறுத்தினேன்.

வண்டி சும்மா நின்றது. அப்போதுதான் அக்கா, எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்.எல்.ஆர்.கூட எப்போதோ எடுத்து வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நேரம் ஒதுக்கி எழுதுகிறவள் நான்தான், எனக்கு ஒதுக்கத்தான் நேரம் இருந்ததில்லை. "இப்பவாவது சொல்லிக் குடுங்க" என்று நல்ல காதுப் பக்கம் போய் நின்றேன். வேறு சாக்கு கிடைக்காமல் சம்மதித்தார். ஆளில்லாத கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஆரம்பித்தோம்.

ஆரம்பத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? "இதுகூடத் தெரியாதா", "கண்ணாடி எதுக்கு இருக்கு, பொட்டு வெச்சுக்கவா", "உன்னை நம்பி ரோட்டுல விட்டா ஊரே வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும்". ஆனால் ஒரு வசதி, எனக்குப் பக்கத்தில் இருப்பது அடைத்த காது. வாயை அதிகம் அசைக்காமல், ரோட்டைப் பார்த்தபடியே நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "உங்க வண்டியைவிட உங்க வாயிக்குத்தான் பிரேக் இல்லை." "ஊரான் வீட்டுப் பொண்ணு தப்பு பண்ணா 'பரவாயில்லைம்மா', நான் பண்ணா வசவா?" "ஸ்கூலுக்கு வர்ற போனெல்லாம் நான் எடுக்கிறேன், பேர் மட்டும் உங்களுக்கு." எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் கியர் மாற்ற மாற்ற வெளியே வந்தது. எவ்வளவு நிம்மதி தெரியுமா?

அதைவிட ஆச்சரியம் ஒன்று. மருந்து முடிகிற சமயத்தில் வலி நின்றது, வீக்கம் வடிந்தது, அதோடு ஆளும் மாறிவிட்டார். வண்டி திணறி நின்றால், "பரவாயில்லை, இன்னொரு தடவை பாப்போம்" என்கிறார். சுவரை உரசப் பார்த்தேன், "எனக்கும் முதல்ல இப்படித்தான் ஆச்சு" என்கிறார். அரிப்பை அடக்குகிற ஸ்டீராய்டு கோபத்தையும் அடக்குமா? உங்கள் மாடியில் குடியிருக்கும் காது டாக்டரிடம் நான் கேட்டதாகச் சொல்லாமல் கேட்டுச் சொல்லுங்கள். அடக்கும் என்றால் வருஷத்துக்கு ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேட்கத்தான் மாட்டேன் என்கிறது. ஏழு நாளும் ஒரு சொட்டு விடாமல் ஊற்றியாயிற்று, இன்னும் அடைப்பாகவே இருக்கிறதாம். பஞ்சை எடுக்கவே இல்லை. திரும்பவும் டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்றால், "அவ மறுபடி இழுப்பா" என்கிறார். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கிறது அக்கா. இப்படியே நின்றுவிட்டால் யார் வந்து இவரிடம் வண்டி பழகுவார்கள்? ஓட்டுவதைத் தவிர இவருக்கு வேறொன்றும் தெரியாது. ஏதோ கேட்கிறோம், இவர் சும்மா தலையாட்டுகிறார், பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது. அதனால் மாடி டாக்டரிடம் சீக்கிரமாக ஒரு நேரம் வாங்கி வையுங்கள். அக்கா கூப்பிட்டால் அவர் தட்ட மாட்டார். நானே ஓட்டிக் கூட்டி வருகிறேன், எனக்கு லைசென்ஸ் கொடுத்தால். டெஸ்ட் இந்த வாரம்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் காதை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளவும், சாவியைக் கதவுக்கு மட்டும் பயன்படுத்தவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும்,
தம்பி மனைவி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க மறந்து கடிதம் பையிலேயே இருந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டாம். இன்று டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு முன்னறைக்குப் போனால், உங்கள் தம்பி எனக்கு முதுகு காட்டிப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பஞ்சு மேசைமேல் கிடக்கிறது. போன் அந்தக் காதில் இருக்கிறது. "காதா? அது மருந்து முடியறதுக்குள்ளயே தெளிஞ்சிடுச்சு சார். உங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டா இவளுக்கு வண்டி கிடைக்காது. அதான் பஞ்சை எடுக்கலை. முதல் தடவையிலயே பாஸ் பண்ணிட்டா சார், ரிவர்ஸெல்லாம் கோடு போட்ட மாதிரி. நீங்க நாளையிலேருந்து வாங்க" என்கிறார். அந்தப் பாங்க்காரரிடம்தான்.

நான் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டேன். போய் உட்கார்ந்த பிறகுதான், அந்தக் காதுக்குப் பக்கத்தில் என்னென்ன பேசினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து வியர்த்தது. மாலையில் கடைக்குப் போக வண்டியை நான்தான் எடுத்தேன். அவர் பஞ்சை ஒழுங்காகத் திரும்ப வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்த்தபடியே, வாயை அதிகம் அசைக்காமல், "உங்களை மாதிரி வாத்தியார் கிடைக்க மாட்டாங்க" என்று சொன்னேன். கேட்காதவர் போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்தக் காது மட்டும் செக்கச்செவேலென்று சிவந்தது அக்கா. மருந்து எதுவும் வேண்டாத சிவப்பு.