ஏழு பன்னிரண்டு வண்டி

கதவு திறந்தது. ஒருவரும் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. மிசாவோ ஸ்டேஷன் நடைமேடையில் நாற்பது பேர் வரிசை கலையாமல் நின்றார்கள். கருநீல உடம்பு, தங்கக் கோடு, கறுப்புக் கண்ணாடி என்று வந்து நின்ற புத்தம்புது ரயில், இருபது வினாடி பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனது. பின்னாலேயே வந்த பழைய பழுப்பு வண்டியில் நாற்பது பேரும் நசுங்கிக்கொண்டு ஏறினார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் குரோசே குனிந்த முதுகை நிமிர்த்தினார். புது ரயில் வந்தால் இடுப்புவரை குனிந்து வணங்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை. பழைய வண்டிக்கு விசில் போதும்.

தொலைபேசியில் தலைமை அலுவலகத்தின் புதுப்பொலிவுப் பிரிவு ஒகாதா.

"என்ன குரோசே சான், உங்க ஊருக்கு எங்க வண்டி பிடிக்கலையாம்?"

"முதல் நாள் சார். கூச்சம்."

"அடுத்த ஸ்டேஷன்ல முண்டியடிச்சு ஏறுறாங்க. அங்க ஊழியரே கிடையாது, மெஷின்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க ஆளுங்க ஏறலன்னா, உங்களுக்குப் பதிலாவும் மெஷின்தான்."

இருபத்திரண்டு வருடம் நின்ற நடைமேடை. குரோசே தொலைபேசியை மெல்ல வைத்தார்.

"ஏன் ஏறலைன்னு கேட்டுப் பாக்கலாமே சார்?" என்றாள் உதவியாளர் ஃபுமிகா.

"பயணிகிட்டயா? குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும்மா. நம்ம மரியாதைதான் பத்தல."

புதன்கிழமை சிவப்புக் கம்பளம் விரித்து, வெள்ளைக் கையுறையோடு இன்னும் தாழக் குனிந்தார். ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ரயில் போய்விட்டது.

"கம்பளத்துல ஒரு கால்கூடப் படல சார்."

"அழுக்காயிடும்னு பாத்திருப்பாங்க. தங்கமான ஜனங்க."

வியாழக்கிழமை பூத்தொட்டிகள் வந்தன, பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியமும் வந்தது. ரயில் போனதும், வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்கும் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஷீனா அம்மாள் கையை நீட்டினாள்.

"வண்டி தாமதம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க மாஸ்டர், முதலாளிகிட்ட காட்டணும். மூணு நாளா கடையில திட்டு வாங்குறேன்."

"ஏழு பன்னிரண்டுக்கு வண்டி டாண்ணு வந்துச்சேம்மா. எப்படிச் சீட்டு தர்றது?"

"வந்துச்சுதான். நான் இல்லைன்னா சொன்னேன்?" என்று பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை. குரோசே விழாச் சீருடையில் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். மூக்கு முழங்காலைத் தொடும்படி குனிந்து, இருபது வினாடியும் அப்படியே நின்றார். கதவு மூடும் சத்தம் கேட்டது. கண் கலங்க நிமிர்ந்தால், எதிரே நாற்பது முதுகுகளும் வளைந்திருந்தன.

கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுக் கிமோனோவில், கையில் பூங்கொத்தோடு ஷீனா அம்மாள் ஓடிவந்தாள்.

"நாலு நாளா பயந்துகிட்டே நிக்கிறோம் மாஸ்டர். உள்ள போறது எந்த ராஜ குடும்பம்னு இன்னிக்காவது சொல்லிடுங்க. அவங்க ஊரைச் சுத்திப் பாத்து முடிச்சப்புறம்தான் எங்களுக்கு அந்தப் புது ரயிலை விடுவீங்களா?"