பத்து ஆம்பியர் சாமி

முடிச்சூர் சாலையில் கடவுளின் கருணை ஐயாயிரத்து ஒரு ரூபாய். ஒரு ரூபாய் உண்டியலுக்கு, ஐயாயிரம் சாமிக்கு. பேரம் கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓடாத கடிகாரத்தையே பாதி விலைக்குக் கேட்கலாம். கருணை மட்டும் ஃபிக்ஸட் ரேட்.

சாமியின் பெயர் குளிர்விளக்குச் சாமி. மற்ற சாமிகள் விளக்கேற்றி வைப்பார்கள். இவர் ஒருவர்தான் அணைப்பவர். ஆனால் சாமி விளக்கை 'அணைக்கிறேன்' என்று நம் ஊரில் சொல்லலாமா? அபசகுனம். 'குளிர வைக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் அப்படி வந்தது.

எந்த விளக்கு? காரில் வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், என்ஜின் படம் போட்டு மஞ்சளாய் எரியுமே, அது. கார் வைத்திருப்பவனின் தூக்கத்தைக் கெடுக்கும் விளக்கு. மெக்கானிக்கிடம் போனால் காரைக் கழற்றிப் பார்ப்பான். சாமி கழற்றுவதில்லை. காரை மஞ்சள் துணியால் போர்த்துவார். உள்ளே போய் உட்காருவார். ஒரு டீ குடிக்கும் நேரம் 'ஓம்', 'ஹ்ரீம்' என்று சத்தம் வரும். துணியை விலக்கினால் விளக்கு குளிர்ந்திருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை பெட்ரோல் பங்க் வரை நீளும். ஷேர் ஆட்டோக்காரர்கள் "சாமி ஷெட்டு, சாமி ஷெட்டு" என்று கூவி ஆளேற்றினார்கள். ஷெட்டு என்றால் சாதாரண ஷெட்டு இல்லை. போன வருஷம் வரை அங்கே காருக்கு வாட்டர் வாஷ் செய்தார்கள். இப்போது பாவத்துக்கு.

வரிசையில் சுந்தர்சிங் சாரும் நின்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். காலை ஆராதனை முடிந்து, வேதாகமத்தை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு நேராக வந்திருந்தார்.

"என்ன சார், நீங்களுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேச்சே, எனக்கு இதுல நம்பிக்கையே இல்லப்பா. சும்மா, ஒரு கூடுதல் இன்ஷூரன்ஸ்."

அவருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு நின்றது. அது குமரேசனுடையது.

குமரேசனின் தாத்தா ஏர் ஓட்டிய நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பணத்தில் வந்தது டைல்ஸ் கடை. கடை லாபத்தில் வந்தது செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் பறக்கும் கார். வேளச்சேரி சாலையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் பக்தியோடு ஊர்ந்தது. அதில் இரண்டே சீட். ஒன்றில் குமரேசன். இன்னொன்றில் அவன் அம்மா கிளியம்மாள். கல்யாணமாகி எட்டு மாதமான மனைவி வினிதா பஸ்ஸில் வருவாள்.

முதல் தடவை விளக்கு எரிந்தபோது சாமி துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, கண்ணை மூடி, ஒரே வார்த்தை சொன்னார்: "பூனை."

கிளியம்மாளுக்குப் புல்லரித்தது. "ஆமா சாமி! அன்னிக்கி ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலாண்ட ஒண்ணு குறுக்கால ஓடிச்சு. நான் அப்பவே சொன்னேன், வண்டிய திருப்புடான்னு!"

தாம்பரத்தில் கார் ஓட்டி ஒரு பூனைகூடக் குறுக்கே போகாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். வரிசையில் ஒரு கையும் உயரவில்லை. சாமியின் புகழ் மட்டும் உயர்ந்தது.

விளக்கு குளிர்ந்தது. கொஞ்ச நாளில் மறுபடி சூடானது. மறுபடி ஐயாயிரத்து ஒன்று. மறுபடி குளிர்ந்தது, மறுபடி சூடானது. மூன்றாம் பூசையில் சாமி காருக்கடியில் போய்ப் படுத்தார். காரின் வயிற்றுப் பக்கம் ஒரு உருண்டை இரும்புச் சட்டி இருந்தது. அதைத் தட்டினார்.

"இன்னா நைனா, பூனை எங்க கீதுன்னு பாத்துக்கினியா? இதோ, இந்தச் சட்டிக்குள்ள பூந்து குந்திக்கினு கீது. அறுத்து எடுத்து, பள்ளிக்கரணை சதுப்புல கரைச்சுட்டா பீடை உட்டுடும்."

இரும்பைத் தண்ணீரில் கரைக்கும் வித்தை எந்த ரசாயனப் புத்தகத்திலும் இல்லை. வரிசையில் இரண்டு எம்.எஸ்ஸி. இருந்தார்கள். தலையாட்டினார்கள்.

சட்டியை அறுத்தெடுத்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்தார்கள். கார் கர்ஜித்தது. "பூனை போயி சிங்கம் வந்துடுச்சும்மா!" என்றான் குமரேசன். தெரு இருமியது. பின்னால் பைக்கில் வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கிளியம்மாளுக்குக் கண்ணில் தாரைதாரையாய்த் தண்ணீர் வந்தது. பக்தி என்று நினைத்தாள். புகை.

மறுநாளே விளக்கு வந்தது. இந்தத் தடவை ஆளை முறைத்துப் பார்ப்பது மாதிரி நின்று எரிந்தது.

சாமி நெடுநேரம் யோசித்தார். பிறகு கிளியம்மாளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பூனை கார்ல இல்ல தாயி. வூட்ல கீது. உங்க வூட்ல பூனைக்கண்ணுக்காரங்க யாராச்சும் கீறாங்களா?"

வினிதாவின் கண் தேன் நிறம். குன்றத்தூரில் அவள் பிறந்த தெருவில் செல்லமாக 'பூனைக்கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்தபோது கிளியம்மாளே அந்தக் கண்ணைப் பார்த்து மயங்கித் தட்டு மாற்றியவள்.

தீர்ப்பு எளிது. ஆடி பிறக்கப்போகிறது. புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அனுப்புங்கள். ஆவணியில் கூப்பிடாதீர்கள். அவ்வளவுதான், சத்தமில்லாமல் தோஷம் கழிந்துவிடும்.

"ஏங்க, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று வினிதா கணவனைக் கேட்டாள்.

குமரேசன் கார்ச் சாவியைப் பார்த்தான். "கொஞ்ச நாளுக்குத்தான வினி... விளக்கு ஒரு தடவ அணைஞ்சிடட்டும்..."

"அணைஞ்சிடட்டும்னு சொல்லாதடா! குளிரட்டும்னு சொல்லு!" என்று கிளியம்மாள் பதறினாள். வீட்டில் அபசகுனம் நுழைந்துவிடக் கூடாது என்பதில் அவள் கண்ணாய் இருந்தாள். மருமகள் வெளியே போவது வேறு விஷயம்.

வினிதா அழவில்லை. அவள் கார் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம் பார்ப்பவள். தினமும் பத்துப் பேர் 'நான் மெதுவாகத்தான் போனேன் மேடம்' என்று சத்தியம் செய்வதைக் கேட்டுக் கேட்டு, சத்தியங்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டில், இடிபட்ட கார்களைச் சோதிக்கும் பக்கத்து மேசை சர்வேயர் ஜாய்சனிடம் கதையைச் சொன்னாள். ஜாய்சன் சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறியது.

"வினி, அது பூனை இல்ல. 'கேட்'! கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். அந்தச் சட்டிய நாங்க எல்லாம் சுருக்கி கேட்னுதான் சொல்லுவோம், இங்கிலீஷ்ல பூனைக்குச் சொல்ற அதே கேட்."

"அது இன்னா பண்ணும்?"

"என்ஜின் விடுற விஷப்புகைய சுத்தம் பண்ணும். உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை, மேல பிளாட்டினம், பலேடியம் பூச்சு. அதுக்கு முன்னாடி ஒரு சென்சார், பின்னாடி ஒரு சென்சார். ரெண்டு மூக்கு மாதிரி. முன்மூக்குல அடிச்ச நாத்தம் பின்மூக்குலயும் அடிச்சா, சட்டி வேலை செய்யலன்னு விளக்கு எரியும். உங்க கார்ல மொதல்ல பின்மூக்குதான் கெட்டிருக்கும். ஒன்பதாயிரத்துல முடிஞ்சிருக்கும். இப்ப சட்டியே இல்ல. அப்புறம் ஏன் எரியாது?"

"அப்ப அவன் எப்படி அணைக்கிறான்?"

ஜாய்சன் பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு பொருளை எடுத்தான். "எழுநூறு ரூபா. ஸ்டீயரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகணும். ப்ளூடூத்ல போனுக்கு வரும். இன்னா கோளாறுன்னு போன் சொல்லும். 'அழி'ன்னு ஒரு பட்டன். அமுக்குனா விளக்கு போயிடும். கோளாறு போகாது. மூக்கு மறுபடி மோந்து பாக்குற வரைக்கும் நிம்மதி."

"அறுத்த சட்டி?"

"நாப்பதாயிரத்துக்குப் பழைய இரும்புக்காரன் வாசல்ல வந்து வாங்கிக்குவான். உள்ள இருக்குற பூச்சுக்காக."

வினிதா டிபன் பாக்ஸை மூடினாள். "அந்த சாக்கெட்டுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு காலை, குமரேசன் குளித்துக்கொண்டிருந்தபோது, கார்ச் சாவி கொஞ்ச நேரம் வினிதாவிடம் இருந்தது. பிறகு ஆணியில் தொங்கியது. அவள் மாமியாரிடம் வந்து நின்றாள்.

"நான் போறேன் அத்தை. ஆவணியிலயும் வரல. ஆனா சாமி எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவ விளக்கைக் குளிர வெக்கட்டும். குளிர்ந்தா, இவரு காருக்கும் எனக்கும் ஒத்துவரலன்னு நானே ஒத்துக்கிறேன்."

கிளியம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான்காவது ஐயாயிரத்து ஒன்றை அவளே முந்தானையிலிருந்து எடுத்தாள்.

அன்று ஷெட்டில் நல்ல கூட்டம். 'பூனைக்கண்ணுப் பொண்ணு' வருகிறாள் என்று செய்தி பரவியிருந்தது. சுந்தர்சிங் சார் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். வினிதாவோடு ஜாய்சனும் வந்திருந்தான்.

சாமி துணியைப் போர்த்தினார். உள்ளே போனார். 'ஓம்'. 'ஹ்ரீம்'. ஒரு டீ நேரம் ஆனது. இரண்டு டீ நேரம் ஆனது. 'ஹ்ரீம்' கொஞ்சம் கொஞ்சமாக 'ச்சை' ஆனது. துணிக்குள்ளிருந்து "இன்னாடா இது பேஜாரு" என்று புதிதாக ஒரு மந்திரம் கேட்டது.

வியர்த்து வழிய சாமி வெளியே வந்தார். வினிதாவை நோக்கி விரலை நீட்டினார்.

"அது பக்கத்துல நிக்கிறப்ப ஆவாது! அப்பால போவச் சொல்லு!"

"சரிங்க சாமி" என்றாள் வினிதா. சாலையைக் கடந்து எதிர்க்கடை வாசலில் போய் நின்று ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடித்தாள். சாமி மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார். விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

"இன்னும் தள்ளிப் போவணுமா சாமி? செங்கல்பட்டு போதுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள். கூட்டத்தில் முதல் சிரிப்பு எழுந்தது.

வினிதா திரும்பி வந்தாள். துணியை மொத்தமாக இழுத்துப் போட்டாள். பர்ஸிலிருந்து விரல்நுனி அளவில் ஒரு சிவப்புப் பொருளை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"இது ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குற சாக்கெட்டோட ஃபியூஸ். காலையில நான்தான் புடுங்கி வெச்சேன். சாமியோட சக்தி மொத்தம் இதுக்குள்ளதான் இருக்கு. பத்து ஆம்பியர்."

"தொடாத! தெய்வக் குத்தம்!" என்று சாமி பாய்ந்தார். அதற்குள் அவள் ஃபியூஸை மாட்டிவிட்டாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சாமி சொருகிவிட்டு வந்த தீப்பெட்டி அளவுப் பொருளில் நீல விளக்கு ஒன்று மினுக்கியது. அதே நொடி, சாமியின் இடுப்பிலிருந்து, காவி வேட்டி மடிப்புக்குள்ளிருந்து, இனிமையான ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பேசியது: "டிவைஸ் கனெக்டட். ஒன் ஃபால்ட் ஃபவுண்ட்."

முடிச்சூர் சாலையில் அசரீரி கேட்ட முதல் நாள் அது.

சாமி இடுப்பைப் பொத்தினார். ஜாய்சன் அவர் கையை விலக்கிப் போனை உருவிச் சுந்தர்சிங் சாரிடம் கொடுத்தான். "நீங்க படிங்க சார். இங்கிலீஷ் வாத்தியார்."

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வகுப்பறைக் குரலில் படித்தார்: "பி... ஜீரோ... ஃபோர் ட்வென்டி."

ஷெட்டின் தகரக் கூரை சிரிப்பில் அதிர்ந்தது.

"யோவ், அது சாமி பேரைத்தான்யா சொல்லுது!" என்று ஒருவர் கத்தினார்.

"இல்லப்பா, கோடு நம்பரே அதுதான்" என்றான் ஜாய்சன். "சட்டி சரியா வேலை செய்யலன்னா உலகம் பூரா கார்ல இந்த நம்பர்தான் வரும். கீழ கேட்னு போட்டிருக்கும். அதைத்தான் சாமி பூனைன்னாரு."

யாரோ ஷெட்டின் பின்பக்கம் ஓடித் தார்ப்பாயை விலக்கினார்கள். சதுப்பில் கரைந்துபோன சட்டிகள் எல்லாம் அங்கே கரையாமல் அடுக்கியிருந்தன.

சாமியின் சொந்தப் பெயர் கதிரேசன் என்பது போலீஸ் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: "மொதல்ல நான் பொய்யே சொல்லல சார். போன்ல 'கேட்'னு வந்துது, பூனைன்னேன். அவங்களா கன்னத்துல போட்டுக்கினாங்க. அந்தப் பூனை இன்னா விலைக்குப் போவும்னு இரும்புக்காரன் அப்புறம்தான் சொன்னான்."

சுந்தர்சிங் சார் கூட்டம் கலையும்போது ஒருவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அகரம்தென் பக்கம் யாரோ பிரேக்குக்கு மந்திரிக்கிறாராமே? நம்பிக்கை எல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்."

ஆடிக்கு வினிதா வழக்கப்படி குன்றத்தூர் போனாள். ஆவணி முதல் நாள் வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. குமரேசன் அழைத்துப்போக வந்திருந்தான், புதுச் சட்டி போட்ட சிவப்புக் காரில். பக்கத்து சீட்டில், மடியில் பூ, பழத் தட்டோடு, கிளியம்மாள்.

வினிதா காரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க உக்கார்றது?"

குமரேசன் சீட்டுகளை எண்ணிப் பார்த்தான். இது அவனுக்கு இப்போதுதான் தோன்றியது.

"யோசிச்சிட்டு வாங்க" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

ஆக மொத்தக் கணக்கு இது. பூசை நான்கு: இருபதாயிரத்து நான்கு. குழாய் பற்றவைத்த கூலி: மூவாயிரத்து ஐந்நூறு. பழைய சட்டி: வழக்குக்குச் சாட்சியாக ஸ்டேஷனில். புதுச் சட்டி, புது மூக்கு: இரண்டு லட்சத்து இருபதாயிரம். ஃபியூஸ்: திரும்ப மாட்டியாயிற்று, செலவில்லை. யோசிப்பதற்கு ஆன செலவு: அதுவும் இல்லை, முடிச்சூர் சாலையில் இன்றைக்கும் இலவசமாய்க் கிடைக்கிற ஒரே சரக்கு அதுதான், வாங்கத்தான் வரிசையைக் காணோம்.

சீட் இரண்டு. ஆள் மூன்று. பாக்கி: ஒரு மன்னிப்பு.