நான் துலக்கிய வெனிஸ் காசு

அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைப் பளபளவென்று துலக்காமல் திருப்பிக் கொடுத்தால் எங்கள் வம்சத்துக்கே இழுக்கு. இந்த நல்ல பழக்கம்தான் தொண்ணூற்றாறில், பிளெய்ன்ஸ்பரோவில், என் கிரீன் கார்டுக்கு உலை வைக்கப் பார்த்தது.

என் மேனேஜர் டோனி பழைய காசு சேர்ப்பவர். ஒரு சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டுக்குச் சாப்பிட வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். எழுநூறு வருஷத்து வெனிஸ் வெள்ளிக்காசு. ஒரு பக்கம் சிம்மாசனத்தில் இயேசு, மறுபக்கம் கொடி பிடித்தபடி இருவர் என்றார். (எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.) என் மனைவி வசந்தியின் ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்த கிறக்கத்தில் அதை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் போனில், "ஒண்ணும் பண்ண வேண்டாம், நாளைக்கு அப்படியே கொண்டு வா" என்றார். (அவர் பேசிய ஆங்கிலத்தை நம் தமிழில் தருகிறேன்.)

நம் ஆட்கள் "எதுக்கு இதெல்லாம்" என்பார்களே, அப்படி மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரம்தான் அவர் என் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். அசத்திவிட வேண்டாமா?

"ஏங்க, அடுத்தவங்க சாமான். சும்மா வைங்க," என்றாள் வசந்தி.

"உனக்குத் தெரியாது. வெள்ளின்னா மின்னணும்."

முதலில் புளி, அப்புறம் விபூதி. தேய் தேயென்று தேய்த்தேன். கொடி கொஞ்சம் மழுங்கினாலும், காசு நேற்று அடித்தது போல ஜொலித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை பொட்டலத்தைப் பிரித்த டோனி காசைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். மறுபடி காசைத் திருப்பினார்.

"என்னய்யா பண்ணின?"

"க்ளீன் பண்ணினேன்."

"அந்தக் கறுப்புக்குத்தான்யா மதிப்பே! அது படிய எழுநூறு வருஷம் ஆச்சு. எடுக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி," என்றேன். (கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற வாய்!)

போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்! மன்னிப்புக் கேட்டு, புளி, விபூதி வரலாற்றை உளறிக் கொட்டினேன். டோனி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரே என்று பார்த்தால், மனுஷன் சிரிக்கிறார்!

"கையெழுத்துப் போடறேன். ஆனா என் வீட்டுக்கு வந்தா ரெண்டு கையும் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்."

போட்டார், புண்ணியவான். ஆனால் விஷயம் அவர் மனைவி காதுக்கும் போய்விட்டது. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முன்னால் ஒரு பெட்டி வந்திறங்கியது. உள்ளே கறுத்துப்போன வெள்ளி ஸ்பூன், வெள்ளி ஃபோர்க், வெள்ளித் தட்டு. நான் சிட்டிசன் ஆகியாயிற்று, டோனி ரிட்டயர் ஆகியாயிற்று, பெட்டி மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது. அவர்கள் கார் வாசலில் நின்றதும் மாடியிலிருந்து என் மகள் கத்துவாள்:

"அப்பா, யுவர் கிளையன்ட் இஸ் ஹியர்! விபூதி இருக்கா?"