தென்றல் படித்த பனைமரம்

தென்றல் பனைமரப் பாடத்தைப் பிசிறில்லாமல் படித்து முடித்தாள். ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை ரோசம்மாள் உள்ளே வந்தார். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, நேராகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை புத்தகம் தலைகீழாக இருந்திருக்கிறது.

சிவப்பிரகாசம் சாருக்கு மானமே போயிற்று. கிருமாம்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவர் அவர். தன் வகுப்பில் மனப்பாடம் என்ற பேச்சே கிடையாது, எழுத்தைப் பார்த்துத்தான் படிப்பார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டிய மனிதர்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மா வாசிப்பைச் சோதிக்க வருகிறார். தடுமாறும் பிள்ளைகளைப் பிரித்து மூன்றாம் வகுப்போடு உட்கார வைக்கப் போவதாகப் பேச்சு. தென்றல் வகுப்பிலேயே உயரமான பெண். அந்தக் குட்டி பெஞ்சில் அவள் முழங்காலை எங்கே வைப்பாள்?

வீட்டில் சொல்லிப் புலம்பினார். அரியூர் கண் முகாமில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனால், புத்தகம் நேராக இருக்கிறதா என்றாவது தெரியும் என்றாள் மனைவி முத்துலட்சுமி. கண்ணாடி பையின் அடியில் கிடந்தது. அதைப் போட்ட முதல் நாளே பஸ் கண்டக்டர் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டுவிட்டான். அன்றைக்குக் கழற்றியதுதான். மீசைக்கு மை போடுகிறவருக்கு இதெல்லாம் தாங்குமா?

புத்தகத்தை வைத்துக்கொண்டால்தானே மனப்பாடம் செய்கிறார்கள், ரோட்டில் என்ன செய்வார்கள் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் சாயங்காலம் வகுப்பையே கடலூர் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதலில் வந்ததெல்லாம் கடலூர் பஸ். பிள்ளைகள் கணீரென்று படித்தார்கள். சார் குளிர்ந்து போனார். அப்போது மீன்கூடையோடு கனகாம்பாள் வந்து சேர்ந்தாள். கடலூரில் மகள் வீட்டில் விசேஷம், நல்ல வஞ்சிரமாக எடுத்து வைத்திருந்தாள். தூரத்தில் இன்னொரு பஸ் தெரிந்தது.

"பசங்களா, இது கடலூரு போவுதா?"

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். பிறகு சாரைப் பார்த்தார்கள். சார் தெம்பாகத் தலையாட்டினார்.

"கடலூர்" என்றது வகுப்பு, கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் காலை வழிபாடு முடிவதற்குள் கனகாம்பாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். அந்த பஸ் பாகூர் போய் நின்றிருக்கிறது. விசேஷம் முடிந்த பிறகுதான் வஞ்சிரம் கடலூர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இன்னா வாத்தியாரே, பலகையில பாகூர்னு பெருசா போட்டுகீதாம், கண்டக்டர் சிரிக்கறான். ஒரு வகுப்பே நின்னுகினு கடலூருன்னு சொல்லுது. நீ இன்னாதான் சொல்லிக் குடுக்கற?"

ரோசம்மாள் அங்கேதான் நின்றிருந்தார். சாரால் தலையைத் தூக்க முடியவில்லை. இதுவரை தென்றலுக்கு மட்டும்தான் படிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தார். இப்போது மொத்த வகுப்புக்கும் தெரியாது என்று ஆகிவிட்டது.

வேறு வழியில்லை. தன் வாயால் சொல்லக் கூடாததைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குப் பனைமரப் பாடத்தை எல்லோரும் நெட்டுருப் போட வேண்டும். சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. பிள்ளைகளோ மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

"கவலப்படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றாள் தென்றல்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மா வந்து உட்கார்ந்தார். மேசையில் பழுப்பு அட்டை போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்தன. முந்தின நாளே பஸ் டிக்கெட் செருகி அடையாளம் செய்து வைத்த புத்தகத்தை சார் எடுத்தார். பக்கத்தைத் திறந்து, ஏதோ தற்செயலாகத் திறந்ததுபோல, தென்றலிடம் நீட்டினார்.

தென்றல் பக்கத்தைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். பனைமரத்தை ஆரம்பித்தாள். நுங்கு வந்தது, பதநீர் வந்தது, ஓலை வந்தது. ஆய்வாளர் அம்மா எழுந்து அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"இது கணக்குப் புத்தகம். இதுல முக்கோணம்தான் இருக்கு. பனைமரம் எங்கம்மா இருக்கு?"

சார் முன்னே வந்து நின்றார்.

"தப்பு என்னோடதுதான் மேடம். நான்தான் மனப்பாடம் பண்ண வச்சேன். அந்தப் பொண்ண மூணாவதுக்கு அனுப்பாதீங்க. என்ன எங்க வேணும்னாலும் அனுப்புங்க." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆய்வாளர் அம்மா கைப்பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்துத் தென்றலிடம் கொடுத்தார். தென்றல் சாரை ஒருமுறை பாவமாகப் பார்த்துவிட்டுப் படித்தாள். மீனவர்களுக்கான புயல் எச்சரிக்கையில் தொடங்கி, ஓரத்திலிருந்த பொடி எழுத்து மனை விளம்பரம் வரைக்கும் தட்டுத் தடங்கல் இல்லை. அடுத்த பையன் வாங்கினான். அவனும் படித்தான். அதற்கடுத்தவளும் படித்தாள். சார் வாய் பிளந்து நின்றார்.

"இவ்வளவு நல்லா படிக்கிறீங்க. அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?" என்றார் ஆய்வாளர் அம்மா.

தென்றல் தரையைப் பார்த்தாள். கடைசியில் முதல் பெஞ்சு சரண்யா எழுந்தாள். இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்த சின்னப் பெண்.

"சாருக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னா அவரு மனசு கஷ்டப்படுவாருன்னு, அவரு புஸ்தகத்த எப்பிடிக் குடுத்தாலும் அப்பிடியே வாங்கிப் படிக்கணும்னு பேசி வச்சிகினோம் மேடம். அந்த பஸ்ஸுலகூட பாகூர்னுதான் போட்டிருந்துது. சாரே கடலூருன்னு தலையாட்டனா, நாங்க இன்னா பண்றது?"